சிரிக்காமல் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள்

மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சிரிக்கிற முகங்களைத்தான் தேடுவார்கள். அது இயல்பு, சிரித்த முகம் தைரியம் கொடுக்கும். ஆனால் ஒரு கூட்டத்தை ஒரு காரியத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்று பேசப் போனால் கண் போக வேண்டிய இடம் வேறு. யார் சிரிக்கவில்லை? ஏன் சிரிக்கவில்லை? இந்த இரண்டு கேள்விகளையும் பிடித்துக்கொண்டால், மேடை நகைச்சுவையைப் பற்றி எனக்குத் தெரிந்த மற்றதெல்லாம் அவற்றிலிருந்தே வந்துவிடும்.

நான் மும்பையில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குடியிருப்பது செம்பூரில். பட்டிமன்றம் என்று மாட்டுங்கா, சயான், முலுண்டு, டோம்பிவிலி எங்கே கூப்பிட்டாலும் போவேன். தாராவியில் காசநோய் பற்றிப் பெண்களிடம் பேசச் சொல்லி அழைப்பார்கள். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வீட்டு உரிமையாளர் சங்கமான சொசைட்டியின் கமிட்டியிலும் இருக்கிறேன். பட்டிமன்றத்தில் சிரிப்பு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, கேட்டவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், எந்த அணி ஜெயித்தது என்பதுகூட மறுநாள் நினைவில் இருக்காது. மற்ற இரண்டும் அப்படி இல்லை. அங்கே சிரிப்பு அடங்கிய பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது.

சொசைட்டிக் கதையை முதலில் சொல்கிறேன், அதில்தான் சரக்கு அதிகம்.

எங்கள் கட்டடம் 30 வயதைத் தாண்டியது. மகாராஷ்டிரத்தில் வீட்டுவசதிக் கூட்டுறவு சொசைட்டிகளுக்கான மாதிரி விதிகளின்படி, 15 முதல் 30 வயது வரையிலான கட்டடங்களுக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறையும், 30-ஐத் தாண்டியவற்றுக்கு 3 ஆண்டுக்கு ஒரு முறையும் ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்ற சோதனை, செய்ய வேண்டும். எல்லோருக்கும் இது தெரியும், நோட்டீஸ் போர்டில் ஒட்டியும் இருந்தது. இருந்தாலும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்கள். செலவு ஒரு காரணம், பெரிய காரணம் பயம். ஆடிட்டில் கட்டடத்துக்கு ஒரு தரம் கொடுப்பார்கள்: சி3 என்றால் சில்லறை ரிப்பேர் போதும், சி2பி என்றால் ஆட்களைக் காலி செய்யாமலே பெரிய ரிப்பேர், சி2ஏ என்றால் ஒரு பகுதியைக் காலி செய்துவிட்டு வேலை, சி1 என்றால் மொத்தமாகக் காலி செய்து இடிக்க வேண்டியதுதான். அந்த சி1 என்ற சொல்லைக் கேட்கவே பலருக்கு விருப்பமில்லை. இப்படிப் பயந்து போயிருக்கிற கூட்டத்தில் "விதி இப்படிச் சொல்கிறது" என்று படித்துக் காட்டினால் காதை மூடிக்கொள்வார்கள். அங்கே சிரிப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கும்.

ஆடிட்டுக்குச் சம்மதம் கேட்கக் கூட்டிய கூட்டத்தில் மூன்றாம் மாடி மாமா பேசுவதாக இருந்தது. பாலக்காட்டுக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சில் இயல்பாகவே குறும்பு உண்டு. முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இப்படி ஆரம்பிக்கலாமா என்று சொல்லிக் காட்டினார். "பம்பாய்க்கு மழை செப்டம்பரோட நின்னுடும். நம்ம பில்டிங்ல நாலாவது மாடிக்காரர் ஊருக்குப் போனாத்தான் நிக்கும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் உண்மை. மேல் வீட்டுக் குளியலறையில் இருந்து கீழ் வீட்டுக் கூரையில் நீர் கசிவது எங்கள் கட்டடத்தில் எல்லா மாதமும் நடப்பது. ஆனால் நாலாவது மாடியில் இருப்பவர்களுக்கும் மூன்றாவது மாடிக்கும் இதே கசிவு பற்றிப் பழைய சண்டை ஒன்று உண்டு. "மாமா, நாலாவது மாடி வேண்டாமே. 'மேல் வீட்டுக்காரர்'னு மட்டும் சொல்லுங்க" என்றேன். யோசித்துவிட்டு, சரி என்றார்.

அந்த ஒரு மாற்றம் என்ன செய்தது என்று மறுநாள் நேரில் பார்த்தேன். கூட்டம் இந்தியில் நடந்தது, எங்கள் கட்டடத்தில் தமிழர், மராட்டியர், சிந்திக்காரர், மலையாளி எல்லோரும் உண்டு. மாமா அதைச் சொன்னதும் மொத்தக் கூட்டமும் சிரித்தது, யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் மேலே ஒரு வீடு இருக்கிறது. கடைசி மாடிக்காரர்களுக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. நாலாவது மாடி என்று பெயர் சொல்லியிருந்தால் இதைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பார்கள், இரண்டு ஓட்டும் போயிருக்கும். கைதட்டல் அளவை வைத்து நகைச்சுவையை எடை போடுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கொஞ்சம் குறைவாகச் சிரிக்க வைத்தாலும் பரவாயில்லை, சிரிக்கும்போது யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஆனாலும் ஒருவர் சிரிக்கவில்லை. தரைத்தளத்து ஆஜி, மராட்டியில் பாட்டி. கணவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்தில் தனியாக இருக்கிறவர், அந்த வீட்டைத் தவிர வேறு சொத்து கிடையாது. பேசுகிறவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது, அடுத்த வரி என்ன என்பதிலேயே கவனம் போய்விடும். அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் முன்பக்கம் ஓரமாக, கூட்டத்தின் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொள்வார். நான் மாமாவைப் பார்த்து ஆஜி பக்கம் தலையசைத்தேன். அவர் கையில் இன்னும் இரண்டு வேடிக்கைப் பேச்சு இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு நேரே செலவுக்குப் போனார்: ஆடிட்டுக்கான பணம் ரிப்பேர் ஃபண்டிலேயே இருக்கிறது, யாரிடமும் தனியாக வசூல் கிடையாது என்று கணக்கைப் படித்தார். அப்போதுதான் ஆஜி வாயைத் திறந்தார். "காலி பண்ணச் சொல்லிட்டா நான் எங்கே போவேன்?"

அன்றைய கூட்டத்தின் உண்மையான கேள்வி அதுதான். எல்லோர் மனதிலும் இருந்தது, கேட்டது அவர் மட்டும். அதற்குப் பிறகு வெகுநேரம் அதைப் பற்றித்தான் பேசினோம், ஒரு சிரிப்புகூட இல்லாமல். எந்தத் தரம் வந்தால் என்ன நடக்கும், தற்காலிக வாடகை யார் பொறுப்பு, ரிப்பேர் முடிந்து திரும்பி வரும் உரிமை எப்படி எழுத்தில் வரும் என்று. தீர்மானம் நிறைவேறியது. அதற்குக் காரணம் மாமாவின் மழை வேடிக்கை என்று சிலர் சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேடிக்கை கதவைத் திறந்தது, ஆஜிக்குக் கிடைத்த பதில்தான் தீர்மானத்தை நிறைவேற்றியது.

இன்னொன்று, ஓட்டுக்கும் சிரிப்புக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். கடைசிச் சிரிப்பு அடங்கிய பிறகு, எண்களை எந்த அலங்காரமும் இல்லாமல் படித்துவிட்டு, கேள்வி இருக்கிறதா என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் கை தூக்கச் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே கை தூக்கினவர் மறுநாள் "நான் எதுக்குக் கை தூக்கினேன்?" என்று கேட்டால் அந்தச் சம்மதத்துக்கு மதிப்பு கிடையாது. மும்பையில் இது வெறும் நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. மறுகட்டுமானத்துக்கு 79ஏ என்று ஒரு வழிகாட்டு நெறிமுறை இருக்கிறது. 2009-ல் வந்தபோது முக்கால்வாசிப் பேர் சம்மதம் வேண்டும் என்று இருந்தது, 2019 ஜூலையில் அது 51 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்க்கருத்து சொல்பவரை ஒருவர் கிண்டல் செய்து எல்லோரும் சிரித்தால், அந்தச் சிரிப்பு பதிவில் நிரந்தரமாக இருக்கும். நாளைக்கு அவர் கூட்டுறவுத் துறை ரெஜிஸ்ட்ராரிடமோ நீதிமன்றத்துக்கோ போனால், என்னைப் பேசவிடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு வேண்டாம். 51 போதும் என்று ஆனதில் இருந்து மீதி 49 பேரைச் சிரித்தே கடந்துபோகிற ஆசை பல கமிட்டிகளுக்கு வந்திருக்கிறது. வழக்குப் போட ஒரே ஒருவர் போதும்.

கிண்டல் என்றதும் எதிர்ப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரேக்கப் பேச்சாளர் கோர்கியாஸ் சொன்ன ஒரு யோசனையை அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார்: எதிராளி தீவிரமாகப் பேசினால் சிரிப்பால் அதைக் கெடு, அவன் சிரிக்க வைத்தால் தீவிரத்தால் அதைக் கெடு. பட்டிமன்றத்தில் இதை நாங்கள் எல்லோரும் செய்கிறோம், அங்கே அது ஒப்புக்கொண்ட ஆட்டம், இறங்கி வந்ததும் ஒன்றாகக் காபி குடிப்போம். வழக்கு மன்றத்திலும் எதிராளி அன்றோடு போய்விடுவான். ஆனால் சொசைட்டியில் எதிராளி இரண்டாம் மாடியில் இருக்கிறார், நாளை காலை லிஃப்டில் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டாம் மாடிக்காரர் ஓய்வு பெற்ற இன்ஜினியர். ஆடிட்டரை யார் தேர்ந்தெடுத்தது, எத்தனை கொட்டேஷன் வாங்கினீர்கள் என்று ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். இளைய உறுப்பினர் ஒருவர், "அங்கிள், அடுத்த ஆடிட்டுக்குள்ள பதில் சொல்லிடறோம்" என்றார். நன்றாகத்தான் சிரித்தார்கள். எனக்கு அவர் முகம் தெரிந்தது. கழுத்து வரை சிவந்துவிட்டது. நான் எழுந்து, கேள்வி நியாயமானது, திரும்பச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி அதை வெள்ளைப் பலகையில் எழுதினேன். எழுதினதும் கூட்டத்தின் சுருதி மாறிவிட்டது, வேறு இரண்டு பேர் "ஆமாம், எத்தனை கொட்டேஷன்?" என்று கேட்டார்கள். மூன்று கொட்டேஷன் வாங்கி, பொதுக்குழுவிலேயே பிரிப்பது என்று முடிவானது. அவர் ஆதரவாகக் கை தூக்கினார். சிரிப்போடு விட்டிருந்தால் அவருடைய கேள்வி அவரோடு சேர்ந்து கசந்து போயிருக்கும், கொட்டேஷன் விஷயமும் கவனிக்கப்படாமல் போயிருக்கும். ஒருவரைப் பார்த்துச் சிரிக்கும்போது அவர் சொன்னதையும் சேர்த்தே தள்ளிவிடுகிறோம், அது சரியாக இருந்தாலும்கூட.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், நகையைத்தான் முதலில் வைக்கிறது, அந்த நகை பிறக்கும் இடங்கள் எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (வெகுளித்தனம்) என்று நான்கு சொல்கிறது. வகுப்பில் நடத்தும்போது மனப்பாடப் பகுதியாக இருந்தது, மேடைக்கு வந்த பிறகுதான் இதன் பயன் எனக்குத் தெரிந்தது. பேசப் போகிற ஒவ்வொரு வேடிக்கையையும் இந்த நான்கில் எதில் இருந்து வருகிறது என்று பார்ப்பேன். எள்ளலில் இருந்து வந்தால் கையில் எடுப்பதற்கு முன் மிகவும் யோசிப்பேன். பேதைமையில் இருந்து வந்தால், அந்தப் பேதை யார் என்று பார்ப்பேன், கேட்கிறவரே அதில் தன்னைக் கண்டுகொள்வாரா என்று. இளமையில் இருந்து வருவது எனக்குப் பிடித்தது, குழந்தைகள் கேட்ட கேள்விகள், எழுதின பதில்கள். அதிலும்கூட எந்தப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாதபடி மாற்றித்தான் சொல்வேன். விளையாட்டுக்குக்கூட இகழ்ச்சி துன்பம் தரும் என்று குறள் பண்புடைமையில் சொல்கிறதே, "நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி" என்று, அதைப் பேச்சாளர்கள் தினமும் படிக்கலாம்.

மும்பைத் தமிழர்களுக்கு இதைக் குறள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. 1966-ல் சிவசேனை தொடங்கியதற்குப் பிறகான ஆண்டுகளில் தென்னிந்தியர்களுக்கு எதிராக ஒரு முழக்கம் ஓடியது: "பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி." புங்கியை (மகுடியை) ஊது, லுங்கியை விரட்டு. எதுகையோடு, வாய்க்கு வசதியாக, கேட்டவர்கள் சிரிக்கிற மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்போடு சேர்ந்துதான் தென்னிந்தியர் நடத்திய உணவகங்கள் தாக்கப்பட்டன. மாட்டுங்காவிலும் தாராவியிலும் உள்ள வயதானவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் அதை ராகத்தோடு சொல்வார்கள். யார் பேசிய உரையும் அவர்களுக்கு நினைவில்லை, எதுகைக் கிண்டல் மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே நிற்கிறது. அடிபட்டவர் மறக்க மாட்டார்.

அதனால்தான் எங்கள் மேடைகளிலேயே சேட்டு ஜோக், வட இந்தியரைக் கேலி செய்கிற பையா ஜோக், சர்தார் ஜோக் கேட்கும்போது எனக்குத் தாங்காது. சயான் கோலிவாடா பக்கம் தமிழர்களும், பிரிவினையில் வந்த பஞ்சாபிக் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அங்கே ஒரு விழாவில் பேச்சாளர் சர்தார் ஜோக் ஒன்றை எடுத்துவிட்டார், அரங்கம் அதிர்ந்தது. மைக் செட் போட வந்திருந்த இளைஞர் சீக்கியர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் சரளமாகப் பேசுவார். அவர் தலையைக் குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். விழா முடிந்ததும் அவரிடம் போய், அப்படிப் பேசியது தவறு, எங்களுக்கு வருத்தம் என்று சொன்னேன். "பரவாயில்ல டீச்சர், பழகிடுச்சு" என்றார். பழகிடுச்சு என்று ஒருவர் சொல்வதைவிடக் கேட்கக் கஷ்டமான வார்த்தை வேறு என்ன இருக்கிறது? இந்த ஊரில் எந்த அரங்கத்திலும் உங்கள் மொழி தெரிந்த வேற்று மொழிக்காரர் ஒருவராவது இருப்பார், அவருக்குப் புரியாது என்று நினைத்து எதையும் பேசாதீர்கள்.

அந்தேரியில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லலாம். சிரிப்பு கிளப் என்று இன்று உலகம் முழுக்க இருக்கிறதே, அது 1995 மார்ச் 13-ம் தேதி மும்பையில்தான், டாக்டர் மதன் கட்டாரியா 5 பேரோடு ஒரு பூங்காவில் ஆரம்பித்தது. முதலில் வட்டமாக நின்று ஒவ்வொருவராக ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் நல்ல ஜோக் தீர்ந்துபோய், மனசைப் புண்படுத்துகிறதும் ஆபாசமும் வர ஆரம்பித்தது, ஆட்கள் குறை சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அவர் ஜோக்கையே எடுத்துவிட்டு, காரணமில்லாமல் சிரிக்கிற பயிற்சிக்கு மாறினார். யோசித்துப் பாருங்கள், சிரிப்பதற்கென்றே விடியற்காலையில் எழுந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கே ஜோக் வலித்தது என்றால், வீடு போய்விடுமோ என்று கவலையோடு வந்து உட்கார்ந்திருப்பவர் எந்த நிலையில் இருப்பார்?

தாராவிக்கு வருகிறேன். காசநோயைப் பற்றி அங்கே பேசும்போது நகைச்சுவையே கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் என்பதில் ரொம்பக் கண்டிப்பாக இருப்பேன். இருமல், எச்சில், மெலிந்த உடம்பு, கல்யாணம் இந்த நான்கையும் தொடவே மாட்டேன். இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தால் அதில் யாரோ ஒருவர் வீட்டில் நோயை மறைத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார், யாரோ ஒருவர் மகளின் சம்பந்தம் இதனால் நின்றுபோயிருக்கும். நான் வேடிக்கை சொல்வது ஒரே இடத்தில்தான். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில், சில சமயம் சிவப்பாகவே போகும். யாரும் சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், கூச்சத்தில் டாக்டரிடமும் கேட்க மாட்டார்கள். அதனால், "மாத்திரை போட்ட அன்னைக்கு பாத்ரூம் போனா ஆரஞ்சு ஜூஸ் கலர்ல போகும். யாரும் பயப்படாதீங்க, மருந்து வேலைக்கு வந்து சேர்ந்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கு, அவ்வளவுதான்" என்பேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் யாராவது ஒரு அக்கா, "கண்ணீர்கூட அந்த நிறத்துல வருமாமே டீச்சர்?" என்று கேட்பார், ஆமாம், வரலாம் என்பேன், அப்புறம் வரிசையாகக் கேள்விகள் வரும். கூச்சத்தால் வாய் திறக்காத விஷயத்துக்குச் சிரிப்பு நல்ல வழி.

அந்தக் கேள்விகள் ஓய்ந்த பிறகுதான் 6 மாதக் கணக்குக்கு வருவேன். சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும், பலருக்கு இரண்டாவது மாதமே உடம்பு தேறிவிடும், அப்போது நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பி வரலாம். இதை ஒருபோதும் வேடிக்கையாகச் சொல்ல மாட்டேன். அரசு சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் தருகிறது, 2018-ல் 500 ரூபாயாக ஆரம்பித்து 2024 நவம்பரில் இரட்டிப்பானது, அதையும் நேராகத்தான் சொல்வேன். சிரிக்காதவரைக் கவனிக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா, இங்கே மட்டும் அதில் ஒரு மாற்றம் உண்டு. கவனிக்க வேண்டும், ஆனால் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஆரஞ்சு நிறத்துக்குச் சிரிக்காமல் கீழே பார்க்கிறவர் அதைத் தினமும் பார்க்கிறவராக இருக்கலாம். கண்ணை அங்கே நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு முகாமில் டாக்டர் ஒருவர் தன் மறதியைப் பற்றித் தானே வேடிக்கை சொன்னார், கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே தேடினாராம். நல்ல மனிதர், கூட்டத்தோடு நெருங்கத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் முடிந்த பிறகு ஒரு அம்மா என்னிடம் சீட்டை நீட்டி, "மறதிக்காரரு எழுதினது, மாத்திரை சரியா இருக்குமா, கொஞ்சம் பாருங்க" என்றார். தன்னைத் தானே கிண்டல் செய்வது பாதுகாப்பானது என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள், அது பாதிதான் சரி. எந்தத் திறமைக்காக உங்களை நம்புகிறார்களோ அதைத் தொடாதீர்கள். இன்னொரு டாக்டர், மராட்டியர், உடைந்த தமிழில் பேசிவிட்டுத் தன் தமிழைத் தானே கேலி செய்துகொள்வார், அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். தமிழுக்காக யாரும் அவரிடம் வருவதில்லை.

சரி, பேச்சில் எந்த இடத்துக்கு வேடிக்கை வேண்டும்? நீங்கள் எதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறீர்களோ அந்த இடத்துக்கு. 1977-ல் அமெரிக்காவில் கப்லான், பாஸ்கோ என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வேடிக்கையான உதாரணங்கள் இருந்த விரிவுரை, இல்லாத விரிவுரை. உடனே தேர்வு வைத்தபோது புரிதலில் வேடிக்கை எந்த உதவியும் செய்யவில்லை. 6 வாரம் கழித்து வைத்தபோது, பாடக் கருத்தோடு ஒட்டிய வேடிக்கை உதாரணம் இருந்த பகுதிகள் மட்டும் நன்றாக நினைவில் நின்றன. என் அனுபவமும் அதுதான். மழை வேடிக்கையில் கசிவு இருந்தது, அதனால் இன்றும் எங்கள் கட்டடத்தில் கசிவு என்றால் அந்த வரியைச் சொல்கிறார்கள். மேடைக்கு வந்ததும் சம்பந்தமே இல்லாமல் மனைவி ஜோக் ஒன்றைச் சொல்லிவிட்டு "விஷயத்துக்கு வருவோம்" என்று தொடங்கும் பேச்சுகளில், ஜோக் மட்டும் வீட்டுக்குப் போகிறது, விஷயம் அரங்கத்திலேயே தங்கிவிடுகிறது. மனைவி ஜோக்குக்கு எத்தனை பெண்கள் சிரிக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள், போதும்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ஆட்களை நெருக்கி உட்கார வையுங்கள். தனியாக இருக்கும்போதைவிடக் கூட்டத்தில் மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரோவைன் கண்டறிந்தார், நாற்காலிக்கு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தால் அந்தக் கூட்டமே பாதி தனிமை ஆகிவிடும். சிரிப்பு முழுதாக அடங்கும் வரை வாயைத் திறக்காதீர்கள், அடுத்த வாக்கியம் வீணாகும். ரயில் பாதையை ஒட்டிய அரங்கமாக இருந்தால் லோக்கல் கடந்து போகட்டும். இந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு ஊர்ப்பழமொழியை வைத்த சிலேடை எட்டாது, அவர்கள் பெற்றோரைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், போவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் கட்டாயம் கேளுங்கள்: இந்தப் பகுதியில் இந்த மாதம் என்ன நடந்தது? சுவர் இடிந்ததா, டெங்குவில் யாராவது போனார்களா, யாருக்காவது வேலை போனதா? மழைக்காலத்தில் மும்பையில் இந்தக் கேள்வி இல்லாமல் மேடை ஏறவே கூடாது. ஒரு முறை இப்படிக் கேட்டதில், அந்தச் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) ஒரு பையன் மின்சாரம் தாக்கி இறந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை என்று தெரிந்தது. நான் வைத்திருந்த பேச்சில் மீட்டர் பெட்டி பற்றி ஒரு வேடிக்கை இருந்தது. எடுத்துவிட்டேன்.

எவ்வளவு பார்த்தாலும் சில சமயம் தவறான இடத்தில் பட்டுவிடும். அப்போது "சும்மா தமாஷுக்குச் சொன்னேன்" என்ற வாக்கியம் மட்டும் வரக் கூடாது. அது புண்பட்டவரிடம், உனக்குச் சிரிக்கத் தெரியவில்லை என்று சொல்கிறது. ஒரு பட்டிமன்றத்தில் இளம் பேச்சாளர் ஒருவர் குழந்தை இல்லாத தம்பதிகளைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார், முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து வெளியே போனார். அந்தப் பையன் அடுத்த நொடியே நிறுத்தி, "இப்போது நான் சொன்னது வேண்டாத பேச்சு, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரி சொல்லிவிட்டு, வேறு விளக்கம் எதுவும் இல்லாமல் அடுத்த கருத்துக்குப் போனார். நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அம்மாவின் வீட்டு விலாசம் கேட்டார். நான் வேண்டாம் என்றேன், அவர் தனியாகப் பேச விரும்புகிறாரா என்று முதலில் கேட்டுக்கொள், நீயாகப் போய் நிற்காதே என்று. பிறகு நடுவர் மூலம் சேதி அனுப்பினார், அந்த அம்மா, பரவாயில்லை, வர வேண்டாம் என்று பதில் அனுப்பினார். அதோடு விட்டுவிட்டோம். மன்னிப்பு கேட்பவரின் நிம்மதிக்காக அவர் இன்னொரு தடவை அதை அனுபவிக்க வேண்டியதில்லை.

பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்ய என்னிடம் வரும் தாராவிப் பிள்ளைகளுக்கு இப்போது ஒரு முறையை வைத்திருக்கிறேன். முதலில் ஒரு வேடிக்கைகூட இல்லாமல் முழுப் பேச்சையும் எழுதிக்கொண்டு வந்து பேசிக் காட்ட வேண்டும். அது கேட்கிற மாதிரி இருந்தால்தான் அடுத்த கட்டம். அப்புறம் எந்த இடம் நினைவில் நிற்க வேண்டும் என்று அவர்களே ஒரு இடத்தைக் குறிப்பார்கள், வேடிக்கை அங்கே மட்டும் வரும். அது யாரைத் தொடுகிறதோ அந்த மாதிரி ஒருவரிடம், பாட்டியைப் பற்றி என்றால் ஒரு பாட்டியிடம், ஆட்டோ ஓட்டுபவரைப் பற்றி என்றால் ஆட்டோ ஓட்டும் ஒரு மாமாவிடம், முதலில் சொல்லிக் காட்டிவிட்டு வர வேண்டும். அவர் சிரித்தாரா என்று நான் கேட்பதில்லை. கேட்ட பிறகு என்ன சொன்னார் என்று கேட்பேன். பல பிள்ளைகள் அந்த மாமா சொன்னதையே பேச்சில் சேர்த்துக்கொண்டு, தங்கள் வேடிக்கையை எடுத்துவிடுகிறார்கள்.